டெலிபோன் வயர்ல வந்த கொம்பியூட்டர்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒரு பதிலுக்கு நடுவில டைம்ஷெயர் எண்ட பழைய அமெரிக்க கொம்பனிட பேரைச் சொல்லி, மணித்தியாலக் கணக்கில கொம்பியூட்டரை வாடகைக்குக் குடுத்தவங்க எண்டு ஒரு வரி எழுதியிருந்தன். அந்த ஒரு வரியைப் பிடிச்சுக்கொண்டு கனபேர் எழுதியிருக்கிறீங்க. எனக்கு மெத்தச் சந்தோஷம், ஏனெண்டா இந்தக் கதையை எங்கட ஆக்களுக்கு வடிவா சொல்லவேணும் எண்டு கனநாளா ஆசை. அதால இந்த முறை பக்கம் முழுக்க இதுக்குத் தான்.

கேள்வி: கொம்பியூட்டரை என்னெண்டு வாடகைக்குக் குடுக்கிறது? லொறியில ஏத்திக்கொண்டு வந்து இறக்குவாங்களா?
- ஓய்வுபெற்ற ஆசிரியை, வெள்ளவத்தை

மெஷின் இருந்த இடத்திலயே இருக்கும் டீச்சர், டெலிபோன் லைன் தான் உங்கட்ட வரும்.

1960கள்ல கொம்பியூட்டர் எண்டா ஒரு பெரிய அறை, அதுக்கு ஏசி, பார்த்துக்கொள்ள ஆக்கள், விலை லட்சக்கணக்கான டொலர். வாங்கி வச்சிருந்த இடங்கள்லயும் நினைச்ச உடன போய்த் தொட ஏலாது. புரோகிராமை ஓட்டை போட்ட காட்டுகள்ல அடிச்சு, அந்தக் காட்டுக் கட்டை ஜன்னலால குடுத்திட்டு வரவேணும், அவங்க ஒண்டுக்குப் பின்னால ஒண்டா ஓட்டி முடிச்சு அடுத்தநாள் பேப்பர்ல பிரிண்ட் எடுத்துத் தருவாங்க, அதில ஒரு கொமா பிழைச்சிருந்தா முழுக்கப் பிழை, திருத்திக்கொண்டு போய் திருப்பியும் லைன்ல நிக்க வேண்டியது தான். மனுசன் காத்திருக்கலாம், மெஷின் காத்திருக்கக் கூடாது எண்டது தான் அந்தக் காலத்துக் கணக்கு, ஏனெண்டா மெஷின் தான் விலை கூட.

இதைத் திருப்பிப் போட்ட யோசனை எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில இருந்த ஜோன் மக்கார்த்தி 1959 ஜனவரி 1ஆம் திகதி போட்டு எழுதின ஒரு குறிப்பில இருக்கு. கொம்பியூட்டர் மனுசனை விட எவ்வளவோ வேகம், நீங்க ஒரு வரி டைப் பண்ணி அடுத்த வரிக்கு யோசிக்கிற நேரத்துக்குள்ள அது இன்னும் பத்து இருபது பேர்ட வேலையைப் பார்த்திட்டு வந்திரும். எங்கட டியூஷன் மாஸ்டர் ஒரே மேசையைச் சுத்தி இருக்கிற பிள்ளையள் எல்லாரிட்டயும் மாறி மாறிப் போய் வாறார் தானே, அவர் திரும்பி வரேக்குள்ள பிள்ளை குடுத்த கணக்கை அப்ப தான் முடிச்சிருக்கும், அதால அதுக்குத் தன்னை விட்டிட்டுப் போன மாதிரியே தெரியாது. அது தான் டைம் ஷெயரிங். 1961 நவம்பர்ல பெர்னாண்டோ கோர்பட்டோ அதே எம்.ஐ.டி.ல இதைச் செய்து காட்டினார், அந்த சிஸ்டத்துக்குப் பேர் சி.டி.எஸ்.எஸ். பிறகு டார்ட்மத் கல்லூரியில கெமனியும் கேர்ட்ஸும் எண்டு ரெண்டு கணிதப் பேராசிரியர்மார், சாதாரண மாணவனும் புரோகிராம் எழுதக்கூடிய பேசிக் எண்ட மொழியை இதுக்கெண்டே உருவாக்கி 1964 மே 1ஆம் திகதி விடியப்புறம் 4 மணிக்கு ஓட விட்டாங்க. இந்த டார்ட்மத் வேலை ஜெனரல் எலெக்ட்ரிக் கொம்பனிட மெஷின்ல நடந்தது, அதை நினைவில வச்சிருங்க, கீழ வரும்.

வீட்டிலயோ ஒபிஸிலயோ உங்களுக்கு முன்னால இருக்கிறது டெலிடைப் எண்ட சாமான். பெரிய டைப்ரைட்டர் மாதிரி, ஸ்கிரீன் கிடையாது, ரோல் பேப்பர்ல அடிக்கும், பேர் போன மொடல் 33 எண்டா செக்கனுக்கு 10 எழுத்து, எல்லாம் கப்பிட்டல் எழுத்து, அடிக்கிற சத்தத்தில பக்கத்தில ஆளோட கதைக்க ஏலாது. நம்பரை டயல் பண்ணி, மற்றப் பக்கம் கூ எண்டு சத்தம் கேட்ட உடன டெலிபோன் ரிசீவரைத் தூக்கி ரெண்டு ரப்பர் கிண்ணத்துக்குள்ள வச்சு அமத்திறது, அப்ப எழுத்தெல்லாம் சத்தமா மாறி லைன்ல போகும். எவ்வளவு நேரம் லைன்ல இருந்தீங்க, மெஷினை எவ்வளவு பாவிச்சீங்க, எவ்வளவு சேமிச்சு வச்சிருக்கிறீங்க எண்டு பார்த்து மாச முடிவில பில் வரும்.

கேள்வி: இதை வியாபாரமாக்கினது ஆர்? டைம்ஷெயர் தான் முதலா?
- கணக்காளர், கொட்டாஞ்சேனை

டைம்ஷெயர் முதலாவது இல்ல. ஜெனரல் எலெக்ட்ரிக்கே டார்ட்மத்தில படிச்சதை வச்சு 1965ல காசுக்கு சேவை தொடங்கிட்டுது, பொஸ்டன் பக்கம் கீடேட்டா எண்டு வேற ஒரு கொம்பனியும் அதே காலத்தில. ஆனா எனக்கு மனசுக்குப் பிடிச்சது டைம்ஷெயர்ட கதை தான், ஏனெண்டு சொல்லுறன்.

டொம் ஓ'ரூர்க், டேவ் ஷ்மிட் எண்டு ரெண்டு பேர், ரெண்டு பேரும் ஜெனரல் எலெக்ட்ரிக்ல வேலை செய்தவங்க, 1960களின் நடுப்பகுதியில கலிபோர்னியாவில தொடங்கினாங்க. பிறகு தலைமை ஒபிஸ் குப்பர்டினோவில, இண்டைக்கு அப்பிள் இருக்கிற அதே ஊர், அப்ப அப்பிள் பிறக்கவே இல்ல. அவங்கள்ட்ட சொந்தமா மெஷின் செய்யிற வசதி இல்ல, அதால கெட்டித்தனமா ஒண்டு செய்தாங்க. பெர்க்லி பல்கலைக்கழகத்தில அரச காசில ஜீனி எண்டு ஒரு ஆராய்ச்சித் திட்டம் ஓடிக்கொண்டிருந்தது, எஸ்.டி.எஸ். எண்ட கொம்பனிட 930 மெஷினை எடுத்து, மெமரியைப் பக்கம் பக்கமாப் பிரிச்சு ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியா ஒதுக்கக்கூடிய மாதிரி மாத்தி வச்சிருந்தாங்க, ஒருத்தர்ட புரோகிராம் பிழைச்சாலும் அடுத்தவர்ட இடத்தை இடிக்காது. எஸ்.டி.எஸ். கொம்பனிக்கு முதல்ல இதில பெரிய விருப்பம் இருக்கேல்ல, கேட்டுக் கேட்டுத் தான் 940 எண்ட பேரில விக்கத் தொடங்கினது. டைம்ஷெயர் அந்த மெஷினை எடுத்தது. மிச்சிகன்ல கொம்ஷெயர் எண்டு இன்னொரு கொம்பனியும் 1966ல அதே மெஷினோட தொடங்கி, ரெண்டு பேரும் சிஸ்டம் வேலையில சேர்ந்தும் ஒத்தாசை பண்ணினாங்க.

இதில தான் ஆன் ஹார்டி வாறா. இந்தப் பேரை எங்கட பிள்ளையள் படிக்கிற எந்தப் பாடப்புத்தகத்திலயும் நான் காணேல்ல, அது எனக்கு உண்மையா மனவருத்தம். 1950கள்ல ஐ.பி.எம்.ல புரோகிராமரா இருந்து, லிவர்மோர் அணு ஆய்வுகூடத்தில வேலை செய்து, 1966ல டைம்ஷெயருக்கு வந்தவ. பல்கலைக்கழகத்துச் சிஸ்டம் எண்டது ஆராய்ச்சிக்குச் சரி, பத்து நிமிஷம் நிண்டு போனா மாணவன் தேத்தண்ணி குடிச்சிட்டு வருவான், ஆனா காசு கட்டுற வாடிக்கையாளர் அப்பிடி நிக்கமாட்டார். நிக்காம ஓடவேணும், ஆரார் எவ்வளவு பாவிச்சது எண்டு சரியாக் கணக்கு வரவேணும், போட்டிக் கொம்பனிகள் ரெண்டு ஒரே மெஷின்ல இருந்தாலும் ஒருத்தர்ட பைல் அடுத்தவர்ட கண்ணில படக் கூடாது. மெஷினை நடத்திற அடிப்படைப் புரோகிராமைத் தான் ஒபரேட்டிங் சிஸ்டம் எண்டுறது, இந்த வேலையை எடுத்துச் செய்தவ அவ தான். பொம்பிளையளை மனேஜராக்கவே யோசிச்ச அந்தக் காலத்தில பிறகு அந்தக் கொம்பனிக்கே உப தலைவரா வந்தா. கொம்பனியைப் பற்றிக் கதைக்கேக்க முதலாளிமார் ரெண்டு பேரைச் சொல்லிட்டு இவவை விட்டிட்டுப் போறது சரியில்ல எண்டது என்ர அபிப்பிராயம்.

கேள்வி: டைம்ஸ் எண்ட பேரில ஒரு எஞ்சினியர் அங்க இருந்ததா வாசிச்சன். அவர்ட பேரைத் தான் கொம்பனிக்கு வச்சதா?
- மாணவன், வத்தளை

இல்லத் தம்பி. லரோய் டைம்ஸ் வந்தது 1968ல, கொம்பனி அதுக்கு முதலே இருக்கு, பேர் ஒத்துப்போனது தற்செயல்.

ஆனா அந்த மனுசன் செய்த வேலை தான் கொம்பனிட தலையெழுத்தையே மாத்தினது, அதைச் சொல்லாம விட ஏலாது. கொழும்பில இருந்து யாழ்ப்பாணத்துக்கு ட்ரங்க் கோல் போட்டு ஒவ்வொரு மூண்டு நிமிஷத்துக்கும் நெஞ்சிடிச்ச காலம் ஞாபகம் இருக்கிற ஆக்களுக்கு இது உடன விளங்கும். அமெரிக்காவிலயும் தூர இடத்துக்கு டெலிபோன் எண்டா காசு, நியூயோர்க்ல இருக்கிற ஒருத்தர் கலிபோர்னியா மெஷினோட மணிக்கணக்கா லைன்ல இருந்தா மெஷின் வாடகையை விட டெலிபோன் பில் பெரிசா வந்திரும். அதோட லைன்ல இரைச்சல், நீங்க 5 எண்டு அடிச்சா அங்க 7 எண்டு போய் நிக்கும், கணக்கு வேலைக்கு அது எவ்வளவு ஆபத்து எண்டு யோசிச்சுப் பாருங்க.

டைம்ஸும் ஆன் ஹார்டிட கணவர் நோர்ம் ஹார்டியும் யோசிச்ச வழி இது. பெரிய நகரங்கள்ல சின்னச் சின்ன கொம்பியூட்டரை வைக்கிறது, வேரியன் 620 எண்ட மெஷின், அந்தந்த ஊர் ஆக்கள் உள்ளூர் நம்பருக்கு டயல் பண்ணினாப் போதும், நகரத்துக்கு நகரம் குத்தகைக்கு எடுத்த லைன்ல எல்லாற்ற எழுத்துகளையும் ஒரு சின்னப் பொட்டலமாக் கட்டி அனுப்புறது, அங்கால சரிபார்த்துப் பிழையெண்டா திருப்பி அனுப்பச் சொல்லுறது. ஒருத்தர்ட ரெண்டு எழுத்து, இன்னொருத்தர்ட நாலு எழுத்து, எல்லாம் ஒரே பொட்டலத்துக்குள்ள போகும், அதால மெதுவா டைப் பண்ணுற ஆளுக்காக லைன் வீணாகாது. எந்தப் பாதையால போறது எண்டதை சூப்பர்வைசர் எண்ட ஒரு மத்திய புரோகிராம் தீர்மானிக்கும். இதுக்குப் பேர் டைம்நெட். இன்டர்நெட்டுக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட் 1969ல தொடங்கி பல்கலைக்கழகங்களோட நிண்ட அந்த நேரத்தில, 1970களின் தொடக்கத்திலயே இது காசு கட்டுற சனத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு இதில மிச்சம் பிடிச்சது அந்த முதல் கேள்வி. லைன் கிடைச்ச உடன பேப்பர்ல அடிக்கும், உங்கட டெர்மினலுக்கான, அதாவது உங்களுக்கு முன்னால இருக்கிற டெலிடைப் மாதிரிச் சாமானுக்கான, எழுத்தைத் தாங்க எண்டு. ஏனெண்டா ஒருத்தர்ட மெஷின் செக்கனுக்கு 10 எழுத்து, இன்னொருத்தர்ட 15, புதுசு எண்டா 30, வேகம் தெரியாமக் கதைச்சா குப்பை குப்பையா அடிக்கும். நீங்க ஒரே ஒரு எழுத்தைத் தட்டினாப் போதும், அந்தப் பக்கம் உங்கட மெஷின் என்ன சாதி, என்ன வேகம் எண்டு பிடிச்சிரும், அதுக்குப் பிறகு தான் தயவுசெய்து லொக் இன் பண்ணுங்க எண்டு வரும். ஆர் எந்தச் சாமானோட வந்தாலும் உள்ள எடுக்கிற மாதிரி செய்து வச்சது பெரிய காரியம்.

பிறகு நடந்ததைப் பாருங்க, டைம்ஷெயர்ட மெஷினே தேவையில்லாத ஆக்களும் லைனை மட்டும் கேட்டு வந்தாங்க. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் தன்ர மெட்லைன் சேவையை 1972ல டைம்நெட்டில விட்டது, அதால வேற மாநிலத்து ஆஸ்பத்திரி நூலகத்தில இருந்தும் மருத்துவக் கட்டுரைகளை உள்ளூர் கோல் காசுக்குத் தேடலாம் எண்டு வந்தது. இப்ப எங்கட டொக்டர்மார் தேடுற பப்மெட், அந்த மெட்லைனை உள்ளுக்கு வச்சுத் தான் ஓடுது.

கேள்வி: ஒரே மெஷின்ல எல்லாரும் எண்டா களவு நடக்கேல்லையா?
- சட்ட மாணவி, தெஹிவளை

நடந்தது தங்கச்சி, எங்கட இண்டைய பிரச்சினையள் முழுக்க அங்கயே தொடங்கிட்டுது.

பாஸ்வேர்ட் எண்டதைக் கொம்பியூட்டர்ல முதல் முதல் பாவிச்ச இடங்கள்ல ஒண்டு அந்த சி.டி.எஸ்.எஸ். தான். 1962லயே அங்க இருந்த ஒரு ஆராய்ச்சி மாணவர், தனக்குத் தந்த நேரம் காணாது எண்டு பாஸ்வேர்ட் பைலையே பிரிண்ட் எடுத்து மற்ற ஆக்கள்ட கணக்கில வேலை செய்தார். 1966ல நடந்தது இன்னும் பெரிசு. லொக் இன் பண்ணுற எல்லாருக்கும் ஒரு காலை வணக்கச் செய்தி மாதிரி ஒண்டு வரும், அதை ஒரு நிர்வாகி திருத்திக்கொண்டிருக்கிற அதே நேரம் இன்னொரு நிர்வாகி பாஸ்வேர்ட் பைலைத் திருத்தியிருக்கிறார். எடிட்டர் புரோகிராம் ரெண்டு பேருக்கும் ஒரே பேரில தான் தற்காலிகப் பைலை எழுதினது, ஒரு இடத்தில ஒரு நேரத்தில ஒரு ஆள் தான் வேலை செய்வார் எண்டு நம்பி எழுதின புரோகிராம் அது. ரெண்டும் மாறிப்போச்சு, அதுக்குப் பிறகு லொக் இன் பண்ணின எல்லாருக்கும் மற்ற எல்லாற்ற பாஸ்வேர்ட்டும் பேப்பர்ல அடிச்சுக்கொண்டு வந்தது, கண்ட ஒருத்தர் நல்ல மனசோட உடனடியா மெஷினையே வேணுமெண்டு ஓடாம நிக்கச் செய்தார், அது தான் நிப்பாட்டின வழி.

சட்டம் படிக்கிற உங்களுக்கு 1971ல கலிபோர்னியாவில நடந்த வழக்கு முக்கியம். ஒரு டைம் ஷெயரிங் கொம்பனியில வேலை செய்த ஒருத்தர் டெலிபோன் லைனால போட்டிக் கொம்பனிட மெஷினுக்குள்ள போய், வரைபடம் வரையிற புரோகிராம் ஒண்டை எடுத்திட்டார். பொலிஸ் கொம்பியூட்டர்ட மெமரியைச் சோதிக்கவே நீதிமன்றத்தில ஆணை எடுத்தது, அப்பிடியான ஆணைகள்ல அது மிக ஆரம்பம். வயரால போன மின் சைகை களவெடுக்கக்கூடிய பொருளா, கையில தூக்கிக்கொண்டு போன பேப்பர் தான் பொருளா எண்டு நீதிபதி உக்காந்து யோசிக்க வேண்டி வந்தது. தேடி வாசியுங்க, நல்ல வழக்கு.

கேள்வி: பில் கேட்ஸுக்கும் இதுக்கும் தொடர்பு எண்டு சொல்லுறாங்களே?
- ஹட்டன்ல இருந்து ஒரு தகப்பன்

உண்மை. 1968ல சியாட்டில்ல அவர் படிச்ச பள்ளிக்கூடத்தில தாய்மார் சங்கம் பழைய சாமான் விற்பனை வச்சுச் சேர்த்த காசில தான் டெலிடைப்பும் டைம் ஷெயரிங் நேரமும் எடுத்தாங்க. பிறகு அந்த ஊர்லயே ஒரு கொம்பனி, இந்தப் பொடியன்மார் பிழை கண்டுபிடிச்சுச் சொன்னா இலவச நேரம் எண்டு விட்டது, கேட்ஸும் போல் அலனும் இரவு இரவா அங்க தான். அந்தக் கொம்பனி 1970லயே மூடுப்பட்டுப் போனது. பிள்ளையள்ட கையில நேரத்தைக் குடுத்தா என்ன நடக்கும் எண்டதுக்கு எங்கட பழைய மாணவர் சங்கங்கள் இதைக் கவனிக்க வேணும், கட்டடத்துக்கு பெயிண்ட் அடிக்கிறதோட நிக்காம.

கேள்வி: அந்தக் காலத்தில எங்கட நாட்டில இப்பிடி ஏதும் இருந்ததா?
- மட்டக்குளி வாசகர்

கொம்பியூட்டர் இருந்தது. 1960களின் பிற்பகுதியில அரச பொறியியற் கூட்டுத்தாபனம் கொண்டுவந்திட்டுது, ஆனா காட்டுக் கட்டைக் குடுத்திட்டுக் காத்திருக்கிற முறை தான். ஊர் முழுக்க டெலிபோன் லைன் எடுக்கவே வருஷக்கணக்கா எழுதிப்போட்டுக் காத்திருந்த நாட்டில, அந்த லைன்ல கொம்பியூட்டர் வாடகை எண்டது நடக்கிற காரியம் இல்ல. டைம் ஷெயரிங்குக்கு மெஷினை விட டெலிபோன் முக்கியம், அது தான் காரணம்.

பிறகு ஒரு ஆள் டெலிபோன் லைன்ல கொம்பியூட்டர் பாவிச்சுக் காட்டினார். ஆர்தர் சி. கிளார்க் 1983ல கொழும்பு வீட்டில இருந்து கேப்ரோ கொம்பியூட்டரும், அதை டெலிபோன் லைனோட இணைக்கிற மோடமும் வச்சு, லொஸ் ஏஞ்சல்ஸில இருந்த படத்தயாரிப்பாளர் பீட்டர் ஹையம்ஸோட திரைக்கதை பற்றி டெலிபோன் லைன்ல எழுத்தாலயே கதைச்சுக்கொண்டிருந்தார். பகல் இரவு மாறின ரெண்டு ஊர், ஒருத்தர் எழுதி வச்சிட்டுப் படுக்க மற்றவர் எழும்பி வாசிப்பார். பொதுச்சனத்துக்கு இன்டர்நெட் இஞ்ச வரவே 1995 ஆயிட்டுது.

கேள்வி: இது தான் இண்டைக்கு இன்டர்நெட் வழியா கொம்பியூட்டரை வாடகைக்கு எடுக்கிற கிளவுட் எண்டா, முதல்ல செய்த கொம்பனி ஏன் நிலைக்கேல்ல?
- மென்பொருள் துறையில வேலை செய்யிறவர், பம்பலப்பிட்டி

மெஷின் விலை விழுந்தது தான் முதல் காரணம். வாடகை எண்டது வாங்க ஏலாத காலத்து வியாபாரம். 1977ல அப்பிள் ட்டூ, 1979ல அதுக்கு விசிகல்க் எண்ட கணக்கு அட்டவணைப் புரோகிராம், 1981ல ஐ.பி.எம். பி.சி. அதுவரைக்கும் டைம்ஷெயர்ல பட்ஜெட் கணக்குப் போட்ட ஒரு மனேஜருக்குப் பில்லும் இல்ல, லைனும் தேவையில்ல, மேசையிலயே முடியுது எண்டு வந்த பிறகு ஆர் மாசாமாசம் கட்டுவார்?

ஆனா டைம்ஷெயர் கடைசி வரைக்கும் நல்ல யோசனைகளைத் தேடி எடுத்த கொம்பனி எண்டதைச் சொல்லத்தான் வேணும். மவுஸைக் கண்டுபிடிச்ச டக்ளஸ் எங்கல்பார்ட் 1968 டிசம்பர்ல சான்பிரான்சிஸ்கோவில உலகத்துக்கு மவுஸும் லிங்க்கும் காட்டினார் தானே, அண்டைக்குப் பின்னால ஓடினதும் அதே எஸ்.டி.எஸ். 940 மெஷின் தான். பிறகு காசு நிண்டு, கேட்க ஆளில்லாம இருந்த நேரம் 1970களின் கடைசியில அவரிட சிஸ்டத்தை வாங்கி அவருக்கும் வேலை குடுத்தது டைம்ஷெயர். நோர்ம் ஹார்டி அங்க இருந்து கட்டின கீகோஸ் எண்ட ஒபரேட்டிங் சிஸ்டம், எந்தப் புரோகிராமுக்கு எதைத் தொட உரிமை இருக்கு எண்டு ஒவ்வொண்டா அளந்து குடுக்கிற முறையில வந்தது, பாதுகாப்புப் பற்றிப் படிக்கிறவங்க இப்பவும் அதை எடுத்துப் பார்க்கிறாங்க.

1984ல விமானம் செய்யிற மக்டொனல் டக்ளஸ் கொம்பனி டைம்ஷெயரை வாங்கினது. ஏன் வாங்கினாங்க எண்டதே எனக்கு மனசுக்கு ஒட்டாத விஷயம், விமானக்காரருக்கு இந்த வியாபாரத்திட சுழிப்பு விளங்கியிருந்தா இவ்வளவு கெதியாப் பிரிச்சு வித்திருக்க மாட்டாங்க. டைம்நெட்டை 1989ல பிரிட்டிஷ் டெலிகொம் எடுத்தது, 1993ல எம்.சி.ஐ. எண்ட அமெரிக்க டெலிபோன் கொம்பனிட கைக்கு மாறினது. ஆன் ஹார்டி வெளிய வந்து கீகோஸை வச்சுத் தன்ர சொந்தக் கொம்பனியைத் தொடங்கினா.

மெஷின் வாடகைக்கு விட்ட வியாபாரம் போச்சு, அந்த மெஷினுக்குச் சனத்தைக் கூட்டிவரப் போட்ட லைன் தான் நிண்டது. கடையில கிரெடிட் காட்டை இழுத்தா பேங்க்ல காசு இருக்கா எண்டு கேட்டுச் சொல்லுற வேலை, அமெரிக்காவில கன காலம் டைம்நெட் வழியா ஓடினது, இழுத்த ஆக்களுக்கு அந்தப் பேரே தெரியாது. அதால தம்பி, நீங்க கிளவுட் எடுக்கேக்க மெஷின் விலையை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்காதீங்க, டேட்டா உள்ள போக வெளிய வர எவ்வளவு அறவிடுறாங்க எண்டதை ஒப்பந்தத்தில தேடிப் பாருங்க, டைம்ஷெயர் 1970லயே அந்தக் கணக்கைத் தான் முதல்ல போட்டது.

டெலிப்ரிண்டர், டெலெக்ஸ் பற்றிக் கேட்டு கோட்டைப் பக்கம் ஒபிஸ்கள்ல வேலை செய்த மூண்டு நாலு பெரியவங்க எழுதியிருக்கிறீங்க. அது தனிக் கதை, அடுத்த இதழ்ல எழுதுறன். உங்கள்ட்ட பழைய டெலெக்ஸ் பேப்பர் ஏதும் இருந்தா போட்டோ எடுத்து அனுப்புங்க.